செவ்வாயில் ஒரு வீடு: குக்கரிலிருந்து தொடங்குவோம்

அடுப்பில் குக்கர் ஏறிவிட்டது. பருப்பு வேகிறது, முதல் விசில் வரப்போகிறது. இந்த நேரத்தில் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், யோசனையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூடி சாய்ந்து உள்ளே போய், அடியிலிருந்து விளிம்பில் பொருந்தும் வகைக் குக்கர் என்றால் பயில்வான் வந்தாலும் அது அசையாது. உள்ளே இருக்கும் நீராவியே மூடியை விளிம்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கும். வெயிட் எழும்பும் தறுவாயில் உள்ளே இருக்கும் அழுத்தம், வெளியே இருப்பதைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அதிகம்.

இந்த ஒரு கிலோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க் கோளில் மனிதர் குடியிருக்க ஒரு வீடு கட்டி, அதற்குள் நமக்குப் பழகிய காற்றை நமக்குப் பழகிய அழுத்தத்தில் நிரப்பினால், சுவர்கள் தாங்கவேண்டியதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பூமியில் கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். செவ்வாயின் தரையில் அது ஏறத்தாழ 6 மில்லிபார். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த மெல்லிய காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. ஆக, செவ்வாயில் வசிப்பது என்றால் விசிலடிக்கும் நிலையில் இருக்கும் குக்கருக்குள் குடித்தனம் நடத்துவது. பூமியும் செவ்வாயும் திரும்பி வருவதற்கு வாகான இடத்துக்கு வந்து சேரும்வரை, சுமார் 500 நாட்கள்.

செவ்வாய்க் குடியிருப்பு என்றதும் நமக்குக் காட்டப்படும் ஓவியங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பெரிய கண்ணாடிக் குமிழ், உள்ளே மரங்கள், நடைபாதை, தூரத்தில் சிவப்பு மலை. அந்த ஓவியங்களை வரைந்தவர்கள் ஒரு முறையாவது குக்கர் கேஸ்கட் மாற்றியிருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

கூரை விழாது, பறக்கும்

பூமியில் வீடு கட்டுபவரின் முதல் கவலை, கூரை தலையில் விழக்கூடாது என்பது. தூண், உத்திரம், கம்பி, கான்கிரீட் எல்லாம் அதற்காகத்தான். செவ்வாயில் கவலை தலைகீழாகிவிடும். அங்கே கூரையைக் கீழே பிடித்துக் கட்டவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்றால் சதுர மீட்டருக்குப் பத்து டன். பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றின் கூரையை உள்ளிருக்கும் காற்று தொண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு மேல்நோக்கித் தள்ளும். சரக்கு ஏற்றிய கனரக லாரிகள் மூன்றைக் கூரைக்கு அடியிலிருந்து யாரோ தூக்கி முட்டுவது போல. சரி, கூரைமேல் மண்ணைக் கொட்டி அமுக்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம்தான். அங்கே மண்ணும் இளைத்துவிடும். காற்றின் தள்ளுதலுக்கு ஈடுகொடுக்க ஏறக்குறைய 18 மீட்டர், அதாவது ஆறு மாடி உயரத்துக்கு மண்ணைக் குவிக்கவேண்டும். அத்தனை மண்ணை வெட்டிப் போடும் இயந்திரங்களைக் கொண்டுபோக முடிந்தால், அந்த எடைக்கு வேறு எவ்வளவோ கொண்டுபோகலாம்.

ஆகவே காற்றின் அழுத்தத்தைச் சுவரே இழுத்துப் பிடிக்கவேண்டும். அதற்கு வடிவம் முக்கியம். பலூனையோ லாரி டயரையோ சதுரமாக ஊத முடியாது. காற்று எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் எதுவும் உருண்டைக்கோ உருளைக்கோதான் வந்து சேரும். சதுரப் பெட்டியாகக் கட்டினால் தட்டையான சுவர் புடைக்கப் பார்க்கும், அந்த வலியெல்லாம் மூலைகளில் போய்க் குவியும். இந்தப் பாடத்துக்கு விமானத் துறை பெரிய விலை கொடுத்திருக்கிறது. 1954இல் காமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து வானத்திலேயே உடைந்து விழுந்தன. ஒவ்வொரு பயணத்திலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கியதில், உடலில் வெட்டப்பட்டிருந்த திறப்புகளின் மூலைகளில் விரிசல் தொடங்கியிருந்தது. இன்று விமானத்தில் ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போடும்போது கவனித்துப் பாருங்கள், ஜன்னலின் நான்கு முனைகளும் வளைந்துதான் இருக்கும்.

2015 முதல் 2019 வரை நாசா ஒரு போட்டி நடத்தியது. வேற்றுலகில் கிடைக்கும் பொருளைக் கொண்டு, முப்பரிமாண அச்சு இயந்திரம் தானே கட்டக்கூடிய வீட்டை வடிவமைக்கவேண்டும். இறுதியில் வென்ற மார்ஷா என்ற வடிவம் நட்டுவைத்த முட்டையைப் போல இருந்தது. எரிமலைப் பாறையான பசால்ட்டிலிருந்து எடுத்த இழையையும், தாவரங்களிலிருந்து செய்யக்கூடிய பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்திருந்தார்கள். முட்டையாக நிற்பதால் தரையில் பிடிக்கும் இடம் குறைவு, அடிப்பகுதியிலும் தட்டையான பரப்பு சிறியது. அடிப்பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். காற்று தரையையும் கீழே தள்ளும். தட்டையான தளத்தின்மேல் கவிழ்த்துவைத்த அரைக்கோளம், ஓரங்களில் பிய்த்துக்கொண்டு எழும்பத்தான் பார்க்கும்.

இன்னொரு வழி, வீட்டை மடித்து எடுத்துப்போய் அங்கே ஊதிக்கொள்வது. பீம் என்ற துணி அறை 2016இல் இப்படித்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்டு ஊதப்பட்டது. விரிந்தபின் அதன் கொள்ளளவு 16 கன மீட்டர். துணி என்றவுடன் கூடாரத்தை நினைக்கவேண்டாம். குண்டு துளைக்காத சட்டைகளில் இருக்கும் வகை இழைகள், அடுக்கடுக்காக. ராக்கெட்டில் இடம் விலைமதிப்பற்றது என்பதால் இந்த யோசனைக்கு மவுசு அதிகம்.

எப்படிக் கட்டினாலும், காற்று கசியும் இடம் சுவரின் நடுவில் இருப்பது அரிது. இணைப்பில், ஜன்னல் விளிம்பில், குழாயும் வயரும் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில்தான் கசியும். எங்கள் வீட்டுக் குக்கருக்கு வயது பதினான்கு. பாத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கேஸ்கட் மட்டும் ஆறாவதோ ஏழாவதோ. செவ்வாயில் இரவில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எண்பது, தொண்ணூறு டிகிரி வரை போகும். அந்தக் குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். மாற்றுக் கேஸ்கட் வாங்கப் பாத்திரக்கடையும் அங்கே கிடையாது. அடுத்த ராக்கெட்டுக்கான நல்ல வேளை 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வாய்க்கும்.

அழுத்தத்தைக் குறைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. பாதி அழுத்தம் என்றால் சுவருக்குப் பாதிச் சுமை. மலையூர்களில் மக்கள் வாழத்தானே செய்கிறார்கள்? 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடலுக்குத் தேவை மொத்த அழுத்தமல்ல, அதில் ஆக்சிஜனின் பங்கு. ஆகவே மொத்தத்தைக் குறைத்து ஆக்சிஜன் விகிதத்தைக் கூட்டினால் மூச்சுக்குக் குறையிருக்காது. எதிர்காலக் குடியிருப்புகளுக்கு நாசா பரிசீலிக்கும் கலவை இதுதான்: பூமியின் அழுத்தத்தில் 56 சதவீதம், அதில் ஆக்சிஜன் 34 சதவீதம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விண்வெளி உடைக்குள் அழுத்தம் மிகக் குறைவு, பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதிகமாக வைத்தால் உடை ஊதிப் புடைத்துக் கைவிரலை மடக்கவே முடியாது. முழு அழுத்த வீட்டிலிருந்து அந்த உடைக்குள் நேராகப் போனால், சோடா பாட்டிலைத் திறந்தது போல ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்விடும். ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்கு வரும் அதே நோய். அதைத் தவிர்க்க வெளியே போகுமுன் தூய ஆக்சிஜனை நெடுநேரம் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றவேண்டும். வீட்டின் அழுத்தம் குறைவாக இருந்தால் இந்தக் காத்திருப்பும் குறையும்.

ஆனால் ஆக்சிஜன் விகிதம் கூடினால் நெருப்பு வெறிகொள்ளும். 1967 ஜனவரி 27 அன்று, ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது அப்பல்லோ 1 கலத்தில் தீப்பிடித்தது. உள்ளே முழுக்கத் தூய ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடச் சற்று அதிக அழுத்தத்தில். கஸ் கிரிஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தார்கள். கதவு உட்புறமாகத் திறக்கும் வகை. குக்கர் மூடியைப் போலவே, உள் அழுத்தம் அதைச் சட்டத்தோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டது. தீயின் சூட்டில் அழுத்தம் ஏற ஏறப் பிடி இன்னும் இறுகியது. அந்தக் கதவைத் தேர்ந்தெடுத்தவர்கள் மடையர்கள் அல்லர். விண்வெளியில் தவறித் திறந்துகொள்ளாத கதவு வேண்டும் என்று யோசித்திருந்தார்கள், அவ்வளவுதான். அதன்பிறகு வந்த கலங்களில், வெளிப்புறமாகச் சில நொடிகளில் திறந்துவிடும் கதவு வந்தது.

வேற்றுலக வீட்டின் வடிவமைப்பில் ஏறக்குறைய எல்லா முடிவும் இப்படித்தான். ஓர் ஆபத்தை அடைக்கும்போது இன்னொன்று வாய் திறக்கும்.

ஓட்டை விழுந்தால்

விண்கல் பட்டதும் சுவர் வெடித்து எல்லோரும் வெளியே உறிஞ்சப்படுவது சினிமாவுக்குச் சரி. உண்மையில் நடப்பது ஓட்டையின் அளவையும் அறையின் அளவையும் பொறுத்தது. நூறு கன மீட்டர் கொண்ட அறை, முழு அழுத்தம், சுவரில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். காற்று ஒலியின் வேகத்தில் வெளியேறும். கேட்கப் பயங்கரமாக இருக்கும். ஆனாலும் உள்ளிருக்கும் காற்றில் முப்பது சதவீதம் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓட்டையைத் தேட, ஒட்டுப் போட, முடியாவிட்டால் அடுத்த அறைக்குப் போய்க் கதவை மூடப் போதுமான நேரம். அதே ஓட்டை பத்து சென்டிமீட்டராக இருந்தால் பரப்பு நூறு மடங்கு. உங்களுக்குக் கிடைப்பது இருபது நொடி சொச்சம்.

2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றினால் காற்றழுத்தம் மெல்லக் குறைவதைத் தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தார் கண்டார்கள். அப்போது விண்வெளி வீரர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். உடனே எழுப்பவில்லை, காலைவரை தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த விண்வெளிச் செய்தி இது. வீடு பெரிதாகவும் காற்று தாராளமாகவும் இருந்தால் விபத்துகூட விடியும்வரை காத்திருக்கும்.

மூடுவதற்குக் கதவு இருந்தால் போதாது, அது மூடவும் வேண்டும். 1997 ஜூன் 25 அன்று ரஷ்யாவின் மிர் நிலையத்தின்மீது சரக்குக் கலம் ஒன்று மோதி, ஸ்பெக்டர் என்ற பகுதியில் காற்று கசியத் தொடங்கியது. நிலையத்தில் மூவர் இருந்தார்கள். ஸ்பெக்டரை மட்டும் துண்டித்துவிட்டால் பிழைக்கலாம். ஆனால் காலப்போக்கில் அந்த வாசல் வழியே பத்துக்கும் மேற்பட்ட கேபிள்களை இழுத்துவிட்டிருந்தார்கள். காது அடைத்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு இணைப்பாகப் பிடுங்கினார்கள். பிடுங்க வராதவற்றைக் கத்தியால் அறுத்தார்கள். பிறகு கதவை இழுத்தால், ஓட்டையை நோக்கிப் பாயும் காற்று அதை மூடவிடவில்லை. கடைசியில் தனியாக வைத்திருந்த மூடி ஒன்றை எடுத்துவந்து இந்தப் பக்கத்திலிருந்து வாசலில் வைத்தார்கள். இந்தமுறை அதே காற்று மூடியை இழுத்துப் பொருத்திக்கொண்டது.

நம் வீடுகளிலும் இது நடப்பதுதான். மாடியில் இண்டர்நெட் வரவில்லை என்று கதவிடுக்கு வழியே ஒரு வயரை இழுப்போம். அன்றிலிருந்து அந்தக் கதவு முழுதாக மூடாது, நாமும் பழகிவிடுவோம். செவ்வாய் வீட்டில் வாசல் வழியே ஒரு நூல்கூடப் போகக்கூடாது. வயரும் குழாயும் சுவரில் தமக்கென்று அடைத்த வழிகளில்தான் போகவேண்டும். ஒவ்வோர் அறையும் தனியே உயிர்பிழைக்கக் கூடியதாக, தன் காற்று, தன் விளக்கு, தன் முதலுதவியோடு இருக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழிகள் வேண்டும். அதே 1997 பிப்ரவரியில் மிர் நிலையத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும் குப்பி தீப்பிடித்தபோது, தப்பிக்க இருந்த இரண்டு சோயுஸ் கலங்களில் ஒன்றுக்குப் போகும் பாதையைத் தீ மறித்துக்கொண்டது. என் கணக்கில், பாதுகாப்பான வீடு என்றால் ஓர் அறை செத்தாலும் மற்ற அறைகள் பிழைக்கும் வீடு. கண்ணாடிக் குமிழ் ஓவியங்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. ஒரே குமிழில் எல்லோரும், எல்லாமும்.

மண் போர்வை

பூமியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கிறது, தலைக்கு மேலே தடித்த காற்றும் இருக்கிறது. செவ்வாய்க்கு இரண்டும் இல்லாத குறை. 2012 முதல் அங்கே உலவும் கியூரியாசிட்டி ஊர்தி அளந்த கதிர்வீச்சு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 மில்லிசீவர்ட். பூமியில் இயற்கையாக ஒருவர் ஓராண்டில் பெறுவது சராசரியாக 2.4. நம் ஓராண்டுப் பங்கு அங்கே நாலு நாளில் முடிந்துவிடும். வெட்டவெளியில் 500 நாள் என்றால் 330ஐத் தாண்டும். தன் விண்வெளி வீரர் ஒருவருக்கு வாழ்நாள் முழுமைக்கும் நாசா வைத்திருக்கும் வரம்பே 600தான். போகவர ஆகும் பயணக் கணக்கு வேறு இருக்கிறது.

மெல்லிய உலோகத் தகடு இதற்கு உதவாது. விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் வேகமான துகள் உலோக அணுவில் மோதினால் அது உடைந்து இன்னும் பல துகள்களைத் தெறிக்கவிடும். ஒரு திருடனை மறித்துப் பத்துப் பேரை உள்ளே விட்ட கதை. தடுப்பதற்கு ஏற்றவை ஹைட்ரஜன் மிகுந்த பொருள்கள், குறிப்பாகத் தண்ணீரும் பாலித்தீனும். அவை எடை அதிகம் அல்லது எடுத்துப்போக வேண்டியவை. இலவசமாகக் கிடைப்பது மண். இரண்டு மூன்று மீட்டர் மண்ணைப் போர்த்தினால் பெரும்பங்கு குறைந்துவிடும். மண் எடுக்காமலேயே முடியவேண்டும் என்றால், பழைய எரிமலைகளின் அடியில் லாவா ஓடி வடிந்தபின் எஞ்சிய குகைகளைத் தேடலாம். அவற்றின் வாய் போலத் தோன்றும் பள்ளங்களைச் செவ்வாயைச் சுற்றும் கலங்கள் படம் பிடித்திருக்கின்றன.

சூரியன் திடீரென்று சீறும் நாட்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2024 மே 20 அன்று எழுந்த சூரியப் புயலில் கியூரியாசிட்டியின் பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தால், மார்பு எக்ஸ்ரே முப்பது எடுத்ததற்குச் சமமான கதிர்வீச்சு கிடைத்திருக்கும். எனவே வீட்டின் நடுவில், தண்ணீர்த் தொட்டிகள் சூழ, எல்லோரும் நெருங்கி உட்காரக்கூடிய ஓர் உள்ளறை. எப்படியும் தண்ணீர் வைத்துத்தான் ஆகவேண்டும், அதைச் சுவராக வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

மண் போர்த்திய வீட்டில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று மீட்டர் மண்ணின் சுமை, உள்ளிருக்கும் காற்று மேலே தள்ளும் விசையில் ஆறில் ஒரு பங்குதான். அதனால் ஊதிய வீட்டின்மேல் மண் கொட்டினால் அதைத் தூக்கி நிறுத்துவது சுவரல்ல, காற்றுதான். காற்று போய்விட்டால்? சதுர மீட்டருக்குப் பல டன் மண் துணிக் கூரையோடு கீழே இறங்கும். எனவே காற்றில்லாத நாளிலும் நிற்கும் எலும்புக்கூடு உள்ளே வேண்டும். கூரை பறக்காமலும் பார்க்கவேண்டும், விழாமலும் பார்க்கவேண்டும். கொத்தனாரின் பழைய கவலை சுற்றிக்கொண்டு வந்துவிட்டது.

வேற்றுலக மண்ணைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. சந்திரயான் தரையிறங்கிகளைச் சோதிக்க நிலவின் மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டபோது, இஸ்ரோ அதற்கான பாறையை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளிலிருந்து எடுத்துப்போய்ப் பொடியாக்கியது. நிலவின் மேட்டுநிலங்களில் இருக்கும் அனார்த்தசைட் என்ற பாறை அங்கே கிடைக்கிறது. செவ்வாய் மண் வேறு சாதி, பசால்ட் வகை.

மூச்சுக் கணக்கு

ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 840 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அவர் வெளிவிடுவது ஒரு கிலோ கரியமில வாயு. நான்கு பேருக்கு 500 நாளைக்கு ஆக்சிஜன் மட்டும் ஒன்றே முக்கால் டன் என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்க முடியுமா என்று பார்க்க, 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்ற சிறு கருவியை அனுப்பினார்கள். 2023 வரை பதினாறு முறை இயக்கியதில் மொத்தம் 122 கிராம். ஒருவருக்கு மூன்றரை மணி நேர மூச்சு. சிரிக்கவேண்டாம், வேறோர் உலகின் காற்றிலிருந்து எடுத்த முதல் மூச்சு அது. முறை வேலை செய்கிறது, கருவி பெரிதாகவேண்டும்.

செடி வளர்த்தால் காற்று தானே சுத்தமாகுமே என்பவர்களுக்கு அரிசோனாவில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பயோஸ்பியர் 2 என்ற பெரிய கண்ணாடி மாளிகையை மூன்று ஏக்கர் பரப்பில் கட்டினார்கள். காடு, வயல், குட்டிக் கடல்கூட உள்ளே உண்டு. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் வெளிக்காற்று கிடையாது. பகல் வெயிலில் உள்காற்று விரிந்தால் கண்ணாடி தெறித்துவிடும் என்பதால், ரப்பர் விரிப்பு ஏறி இறங்கும் இரண்டு பெரிய அறைகளைப் பக்கத்தில் கட்டி அவற்றை நுரையீரல் என்றே அழைத்தார்கள்.

சில மாதங்களில் உள்ளே இருந்தவர்களுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14 சதவீதத்துக்கு வந்திருந்தது. நாலாயிரம் மீட்டர் மலையுச்சியில் இருப்பது போல. பயிர் நன்றாக வளரட்டும் என்று போட்டிருந்த வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் கொழுத்து ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தன என்பது ஊகிக்க எளிது. குழப்பம் வேறிடத்தில் இருந்தது. அவை வெளிவிட்ட கரியமில வாயு கணக்கில் வரவில்லை. அது வந்திருந்தால் செடிகள் பிடித்து மீண்டும் ஆக்சிஜனாக்கியிருக்கும். எங்கே போயிற்று? கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: உள்ளே பூசாமல் விட்டிருந்த கான்கிரீட் சுவர்கள் அதை உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிக்கொண்டிருந்தன. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றவேண்டியதாயிற்று.

மூடிய வீட்டில் சுவர் வெறும் சுவராக இருப்பதில்லை. வண்ணப்பூச்சு, பசை, மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி ஒவ்வொன்றும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் நடத்தும். புதுக் காரின் வாசனையை நாம் ரசிக்கிறோம், கொஞ்ச நாளில் ஜன்னல் வழியே போய்விடுகிறது. ஜன்னல் திறக்காத வீட்டில் அது ஆண்டுக்கணக்கில் தங்கும்.

தண்ணீர் விஷயத்தில் நிலைமை பரவாயில்லை. விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சின் ஈரம் அனைத்தையும் பிடித்துச் சுத்திகரித்து, 2023இல் 98 சதவீதத்தை மீட்கும் நிலையை எட்டிவிட்டார்கள். மின்சாரத்துக்குச் சூரியத் தகடுகளை மட்டும் நம்ப முடியாது. செவ்வாயில் வெயில் நம் ஊரில் பாதிக்கும் குறைவு, 2018இல் கோள் முழுவதையும் மூடிய புழுதிப் புயல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை நிரந்தரமாக உறங்கவைத்தது. ஊர்தி உறங்கலாம், காற்றுச் சுத்திகரிப்பு இயந்திரம் உறங்கக்கூடாது. அதனால்தான் சிறிய அணு உலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வாசலில் செருப்பு

அந்தப் புழுதி வீட்டுக்குள்ளும் வரும். 1972 டிசம்பரில் நிலவில் நடந்துவிட்டுக் கலத்துக்குள் வந்த ஹாரிசன் ஷ்மிட், உடையில் ஒட்டிவந்த தூசியால் மூக்கு வீங்கித் தும்மிக்கொண்டிருந்தார். செவ்வாய்த் தூசி அதைவிட ஒருபடி மேலே: அதில் பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை 2008இல் பீனிக்ஸ் கலம் கண்டது. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை அவை தடுக்கும். அதே மண்ணில் கீரை போட்டுச் சாப்பிடும் திட்டத்துக்கும் இது இடைஞ்சல். முதலில் மண்ணைக் கழுவவேண்டும்.

இதற்கு யோசித்திருக்கும் தீர்வு நம் வழக்கம்தான், செருப்பை வெளியே விடுவது. விண்வெளி உடை வீட்டுக்குள் வராமலேயே இருக்கும். சுவரின் வெளிப்புறத்தில் அது முதுகைக் காட்டித் தொங்கும். முதுகில் ஒரு கதவு, சுவரிலும் அதற்கு நேராக ஒரு கதவு. உள்ளிருந்து அந்த வாசல் வழியே காலை நுழைத்து உடைக்குள் இறங்கி, முதுகுக் கதவை மூடிக்கொண்டு, சுவரிலிருந்து கழன்று நடந்துபோகலாம். தூசியெல்லாம் திண்ணையோடு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் அறைக் காற்றை வெளியே விட்டு வீணாக்கவேண்டியதில்லை என்பது கூடுதல் வரவு. ஆனால் இன்னுமொரு வாசல், இன்னுமொரு கேஸ்கட்.

இத்தனைக்கும் நடுவே, மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழவேண்டும். பூமியிலிருந்து ஒரு சொல் போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும். அம்மாவிடம் நலம் கேட்டால் பதிலுக்கு முக்கால் மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும். சூரியன் குறுக்கே வரும் நாட்களில் இரண்டு வாரம் பேச்சே இராது. இதை ஒத்திகை பார்க்க மாஸ்கோவில் ஆறு ஆண்கள் 520 நாட்கள் அடைபட்டுக் கிடந்தார்கள், 2010 ஜூனிலிருந்து 2011 நவம்பர்வரை. அண்மையில் நாசா ஹூஸ்டனில் ஒரு கொட்டகைக்குள் 1,700 சதுர அடியில் அச்சு இயந்திரத்தால் வீடு கட்டி, நான்கு பேரை 378 நாட்கள் குடிவைத்தது. தூங்க ஆளுக்கொரு சின்ன அறை, காய்கறி வளர்க்க ஓரிடம், சுவருக்கு அப்பால் சிவப்பு மணல் கொட்டிய முற்றம். பேச்சுக்குக்கூட வேண்டுமென்றே தாமதம் வைத்தார்கள்.

2024 ஜூலை 6 அன்று மாலை விண்வெளி வீரர் ஒருவர் வந்து அந்த வீட்டின் கதவை மூன்று முறை தட்டினார். வெளியே வரத் தயாரா என்று கேட்டார். கதவு திறந்தது, நால்வரும் சிரித்தபடி வெளியே வந்தார்கள். அது சாதாரணக் கதவு, இரு பக்கமும் ஹூஸ்டன் காற்று. அதே அளவு கதவு செவ்வாயில் இருந்தால், அதன் உட்பக்கத்தில் அந்த நேரத்தில் சுமார் இருபது டன் சாய்ந்துகொண்டிருக்கும்.